அப்பா ரேடியோவின் காந்தம்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செம்புக் கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் என்னை, நான் சிறுமியாக இருந்த சுங்கை வே வீட்டுச் சமையலறைக்கு இழுத்துப் போகிறது.

அன்று அக்கா அப்பாவின் ரேடியோவைப் பிரித்து ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றியிருந்தாள். அதை ஓர் ஆணியில் ஒட்டி, அட்டைப்பெட்டிக்குள் சுழலும்படி செருகி, பெட்டியைச் சுற்றிலும் கம்பி சுற்றியிருந்தாள். காந்தம் சுழன்றால் கரண்ட் வந்து குட்டி பல்பு எரிய வேண்டும். எரியவில்லை.

வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஃபேக்டரியிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் தமிழ் நியூஸ் கேட்பவர் அவர்.

"அக்கா, ஒளிச்சு வச்சிரு லா," என்றேன். அவள் அசையவில்லை.

அப்பா ரேடியோவைத் திருகிப் பார்த்தார்; சத்தம் வரவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"சுத்து, பார்ப்போம்."

அக்கா சுற்றினாள். பல்பு எரியவில்லை. சட்டென்று குனிந்து கம்பியின் நுனியைப் பார்த்தாள். கரண்டைத் தடுக்கும் மேல்பூச்சைச் சுரண்டாமலே பல்பில் மாட்டியிருந்தாள். அப்பாவின் சவர பிளேடை எடுத்துச் சுரண்டினாள். விரல் கிழிந்தும் நிறுத்தவில்லை. மறுபடி சுற்றினாள்.

பல்பு மினுக்கென்று சிவந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. நாளையிலேருந்து பேப்பர் வாங்கிட்டு வரேன். நியூஸ நீதான் எனக்குப் படிச்சுக் காட்டணும்."

"அம்மா, சுத்தவா?" என்கிறாள் மகள்.

"சுத்து," என்கிறேன். ஆனால் என் காது, கீழே பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் அப்பாவின் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.