குதிரைகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன

நான் ஒரு ரூபாய்கூடக் குதிரை மேல் கட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னைச் சூதாட்டக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இன்று ஓடப்போகிற குதிரைகளில் எது ஜெயிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. குதிரையை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேப்பூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில். அதுவும் பேண்டு சத்தத்தில் மிரண்டு மாப்பிள்ளையைக் கீழே தள்ளப் பார்த்தது.

கொரோனாவில் நான் டீச்சராக இருந்த ஸ்கூலை மூடிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சென்னையில் ஒரு கம்பெனி கேட்டிருந்தது. முதலில் மிக்சி, ஃபேன் பற்றியெல்லாம் எழுதச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் குதிரை வந்தது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் புல்தரை சேறாகிவிடுமாம். அதனால் மணலோடு மெழுகும் நூல் துணுக்கும் கலந்து தரை போட்டு, மழையோ பனியோ எதுவானாலும் அதன் மேல் ஓட்டுகிறார்கள். அப்படித் தடங்கள் ஆறு. அந்த ஆறில் ஓடும் பந்தயங்களுக்கு முன்னோட்டம் எழுதுவது என் பங்கு.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்காருவேன். ஒவ்வொரு குதிரைக்கும் முந்தைய ஓட்டங்களின் குறிப்பு வரும். எத்தனை நாள் ஓய்வு, எவ்வளவு எடை சுமக்கிறது, யார் ஓட்டுகிறார், எத்தனையாவது கதவிலிருந்து கிளம்புகிறது, கடைசியில் வேகம் எடுக்கிறதா, முன்னால் போய்விட்டுத் தளர்கிறதா, எல்லாம் இருக்கும். பெயர் அழகாக இருக்கிறது என்று நான் ஒரு குதிரையையும் தேர்ந்தெடுத்ததில்லை. போன தடவை ஜெயித்தது என்பதற்காகவும் தேர்ந்தெடுத்ததில்லை. போன தடவை யாரோடு ஓடி ஜெயித்தது என்று பார்ப்பேன். பத்தாம் வகுப்புப் பையன்களோடு ஓடி முதலில் வந்தவனைக் கல்லூரிப் பையன்களோடு விட்டால் என்ன ஆகும் என்று எந்த டீச்சருக்கும் தெரியும்.

ஆறு தடங்களுக்கும் வரைபடம் அனுப்பியிருந்தார்கள். முட்டை வடிவில் ஒரு கோடு, முடிவுக் கம்பம் ஒன்று, அவ்வளவுதான். எந்தப் பக்கமாக ஓடும் என்று அம்புக்குறி இல்லை. நானே சிவப்புப் பேனாவால் ஆறிலும் அம்பு போட்டு, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

நாலு மாதம் ஓடியது. ஐப்பசி மழை முடிந்த சமயத்தில் சென்னையிலிருந்து மேடம் கூப்பிட்டார். மேடம்தான் என் எழுத்தை வாங்கிப் போடுகிறவர். கம்பெனி ஒரு மிஷினை எழுதப் பழக்கியிருக்கிறது, மார்கழி மாதம் முழுக்க அதே பந்தயங்களுக்கு அதுவும் எழுதும், நீங்களும் எழுதுங்கள், மாதக் கடைசியில் யார் சொன்ன குதிரை அதிகம் ஜெயித்திருக்கிறதோ அவர்களுக்குத்தான் வேலை என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இந்த வேலை போகவே கூடாது எனக்கு.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறவர். யூனிட்டில் மாதத்தில் பாதி நாள்தான் சூளை எரிந்தது. குஜராத்தில் மோர்பியில் டைல்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், தை பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்றார். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் மோர்பியில் இருந்திருக்கிறோம். தகரக் கூரை அறை. துவைத்துக் காயப்போட்ட துணியில் சாயங்காலம் வெள்ளை மண் படிந்திருக்கும். பேச ஆள் கிடையாது. பி.ஏ. படித்தவள், அங்கே வெறும் சூளைக்காரன் பெண்டாட்டி. ஒரு நாள் நான் யாரிடமாவது வாய் திறந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். செத்தாலும் திரும்ப அங்கே போவதில்லை என்று திரும்பி வந்த ரயிலிலேயே முடிவெடுத்தவள் நான்.

மகள் கடலூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் வேலை நிலைத்தால் இவருடைய பாதிச் சம்பளத்தோடு இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் மோர்பிதான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்கழி பிறந்தது. மிஷின் என்ன பெரிய மிஷின், பார்த்துவிடுவோம் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நாளில் மானம் கப்பலேறியது. மிஷினும் அப்படியொன்றும் கிழிக்கவில்லை. ஆனால் ஜெயித்த குதிரைகளில் என்னைவிட இரண்டு மூன்று அதிகம் சரியாகச் சொல்லியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், லண்டன் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு தடத்தில் மட்டும் நான் சொன்னது அப்படியே பலித்தது. மற்ற ஐந்திலும் மண். அந்தத் தடம் எனக்கு ராசி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ஓட்டத்தின் வீடியோவை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது இந்த நாட்டில் திறக்காது. ஒன்றையாவது காட்டுங்கள் என்று மேடத்தைக் கெஞ்சினேன். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எப்படியோ ஓடவிட்டு, அதைத் தன் செல்லில் படம்பிடித்து வாட்சப்பில் அனுப்பினார். காலையில் டீயோடு மேலே வந்த என் வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எனக்கு ஒரு குதிரையின் மேல்தான் கண். அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் இதுங்க கோயிலத் தப்பாச் சுத்துற மாதிரி ஓடுது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. செல்லில் எடுத்ததால் படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும், இதுகூடத் தெரியாதா என்றேன். அவர் குதிரைகளின் முதுகுத் துணியில் இருந்த நம்பரை விரலால் காட்டினார். ஏழு ஏழாகவே இருந்தது. நாலு நாலாகவே இருந்தது. படம் திரும்பவில்லை. குதிரைகள்தான் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

எங்கள் ஊர்க் கோயிலில் பழமலைநாதரை இத்தனை வருஷம் சுற்றிய கால், எதையும் வலமாகத்தானே சுற்றும். அந்தச் சிவப்பு அம்பை நான் யோசித்தே போடவில்லை. கை தானாகப் போட்டுவிட்டது. தினமும் குறிப்பில் இடக்கைத் தடம் என்று எழுதியிருக்கும், ஏதோ ஒரு வகை போலிருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறேன். டீச்சராம் டீச்சர்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்றால், சில குதிரைகள் வேகம் எடுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். வலப்பக்கம் சாயும் என்று குறிப்பு இருந்தால், என் கணக்கில் அது உள்வேலியை ஒட்டிப் போகும், தூரம் மிச்சம், நல்லது. உண்மையில் அந்தக் குதிரை வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போய் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது. நாலு மாதமாக நான் தேடித் தேடிப் பிடித்துக் கொடுத்ததெல்லாம் அந்த மாதிரிக் குதிரைகள். ராசியான தடம் என்றேனே, ஆறில் அது ஒன்றுதான் வலப்பக்கமாக ஓடுகிறது.

தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு கோபமும் வந்தது. வலப்பக்கம் சாய்வது இதற்கு உதவும், உள்வேலி கிடைக்கும் என்று நாலு மாதமாக எழுதியிருக்கிறேன். ஒரு மனுஷர் கேட்கவில்லையே. மேடமும் கேட்கவில்லை. யார்தான் அதைப் படித்தார்கள்?

அன்றைக்கே ஐந்து அம்புகளையும் அடித்துவிட்டுத் திருப்பிப் போட்டேன். பழைய குறிப்பையெல்லாம் திரும்ப எடுத்து முதலிலிருந்து உட்கார்ந்தேன். முதுகு விட்டுப்போனது. வெளியே பனி மூட்டத்தில் எதிர் வீடு தெரியாத காலை நேரங்களில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, எது எந்தப் பக்கம் சாயும், எது வளைவில் சிக்கும் என்று பார்த்தேன். குதிரைகள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் மூன்று. மார்கழி இருபது ஆகும்போது மிஷினை எட்டிப் பிடித்துவிட்டேன்.

அப்போதுதான், அது என்னதான் எழுதுகிறது என்று மிஷினின் முன்னோட்டத்தை நிதானமாகப் படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். வலப்பக்கம் சாய்வது இதற்கு உதவும், உள்வேலி கிடைக்கும். என் வாக்கியம். காற்புள்ளிகூட நான் போட்ட இடத்தில் இருந்தது. மிஷினைப் பழக்கியது என் நாலு மாத எழுத்தை வைத்துத்தான். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். என் தப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரியும்.

"நீ வாயத் தொறக்காத. உன்னக் கேட்டுக்கினா எடுத்தாங்க? ஜெயிச்சிட்டுப் போயிக்கினே இரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. மீதி நாளெல்லாம் மிஷின் தப்பான பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே என் வேலையைச் செய்தேன். ஒவ்வொரு நாளும் ஜெயித்தேன். ஆனால் பாருங்கள், சந்தோஷம் வரவே இல்லை. நான் ஜெயித்தது யாரை? போன மாதத்து என்னை. வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே எழுதிய பிள்ளைக்கு முட்டை போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது அசிங்கமாக இருந்தது.

மார்கழி கடைசி நாள், காலை பதினொரு மணிக்கு மேடம் கூப்பிட்டார். அன்றைக்குச் சூளை இல்லை. வீட்டுக்காரர் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிக்கு அன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேடம் வாழ்த்துச் சொன்னார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறீர்கள், வேலை உங்களுக்குத்தான் என்றார். அதோடு போனை வைத்திருக்கலாம். பத்து நாள் கழித்து அப்படி என்ன மாற்றினீர்கள், மேலே கேட்கிறார்கள் என்றார்.

படியில் இருந்தவர் திரும்பி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"மேடம், நாலு மாசமா நான் தப்பா எழுதியிருக்கேன். உங்க மிஷினு அதைப் படிச்சிட்டுத்தான் தோத்துப்போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்பு போட்டது, ஏழாம் நம்பர் துணி, எந்த ஐந்து தடம், எந்த வாக்கியம், ஒன்று விடவில்லை. பிறகு மேடம், இதை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றார். இருந்திருக்கலாம் மேடம் என்றேன். அப்படியானால் மிஷினைச் சரிசெய்துவிட்டு இன்னொரு மாதம் இரண்டு பேரையும் எழுதவிட்டுத்தான் பார்ப்பார்கள், இதை என்னால் தடுக்க முடியாது என்றார். சரி, ஓடட்டும் என்றேன். குரல் தெம்பாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

வீட்டுக்காரர் எழுந்து கீழே போய்விட்டார். அவர் கோபப்பட்டால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கையில் இருந்ததை நானே தட்டிவிட்டேன். மோர்பியின் அந்த அறை கண் முன்னால் வந்தது, போனால் இந்த முறை அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாள் ஓட்டத்தின் குறிப்பை எடுத்தேன். ஏழு குதிரைகள், இடப்பக்கத் தடம். முதல் குதிரையின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் இவர் போனில் பேசுவது கேட்டது.

"இல்லிங்க, நான் வரல. எங்க வூட்டுல அவங்களுக்கு இங்க வேலை இருக்குது. உட்டுட்டு வர முடியாது."

மேஸ்திரி என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "பர்மனென்ட்டு வேலதான்."