கோபத்தில் சத்தமாய்ச் செய்த ஜெபம்

பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. இந்த அம்மாவைப் பழிவாங்கணும். அதுவும் இந்தப் பிள்ளையின் வாயாலேயே வாங்கணும்.

அந்த அம்மா என்றால் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். பிள்ளை, என் அக்கா மகள் ஷைனி. எல்கேஜி. சித்தி சித்தி என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள், பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் பேச்சை நிறுத்திவிட்டாள். பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வகுப்பு மிஸ் அவளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, "ஊமைப் பிள்ளைக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நியாயம் கேட்கப் போனோம். அந்த அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டே பேசினார்.

"வாய் பேசாத பிள்ளைய வச்சிக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது? மத்த பேரன்ட்ஸ் என்ன நெனைப்பாங்க? இதுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு, அங்க சேருங்க."

அக்கா அழுதாள். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன மச்சான் திரும்பவில்லை. எல்லை தாண்டினார்கள் என்று படகோடு பிடித்து, கடலுக்கு அந்தப் பக்கம் சிறையில் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. இப்படி நடந்தால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதும் ஊரில் முடிவான விஷயம்தான். "அப்பா தங்கலுக்குப் போயிருக்காரு." கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பிள்ளை உள்ளே வந்தால் டிவி நியூஸ் நிற்கும். போன் கவிழும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். எல்லாம் பாசத்தில்தான்.

ஜெபத்தில்கூட அப்படித்தான். சாயந்திரம் குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். மச்சானுக்கான ஜெபம் மட்டும் மனசுக்குள். பிள்ளை மடியில் இருக்கிறாளே!

அன்றைக்கு என் முறை வந்தது. "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். அப்புறம் எனக்கு அடங்கவில்லை.

"அந்தப் பொம்பள பல்லத் தட்டும் ஆண்டவரே! எங்க பிள்ளையப் பாத்துச் சிரிச்ச வாய் கோணிப்போகணும்! எங்க மச்சான் அங்க ஜெயில்ல கெடக்காரு, இங்க இவ எங்கள மிதிக்கிறா, நீர் பாத்துக்கிட்டே இருக்கீரா?"

அக்கா என் தொடையில் கிள்ளினாள். அம்மா, "அடி கிறுக்கச்சி, பிள்ள இருக்கு!" என்றார்.

அப்போது ஷைனி தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அப்பா செத்துப் போகலையா?"

 அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லடி தங்கம். இருக்காரு. உசுரோட இருக்காரு" என்றாள்.

"அங்க சோறு போடுவாகளா?"

சகோதர சகோதரிகளே, நான் கேட்டது அந்த அம்மாவின் பல்லை. ஆண்டவர் தந்தது எங்கள் பிள்ளையின் பேச்சை. அவள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் நாங்கள் வாயை மூடியதைப் பார்த்து, அப்பா செத்துவிட்டார் என்றே முடிவு செய்திருக்கிறாள். கேட்டால் அம்மா அழுவாள் என்று கேட்காமலே இருந்திருக்கிறாள். இத்தனையையும் அந்தக் குஞ்சு மனசு தனியாகச் சுமந்திருக்கிறது.

மறுநாளே தரையில் சாக்பீஸால் கடல் போட்டேன். நடுவில் ஒரு கோடு. "இங்கிட்டு நம்ம ஊரு. அங்கிட்டு அப்பா." தீப்பெட்டியைப் படகாக்கி அவளே ஓட்டினாள். கோட்டைத் தாண்டும்போதெல்லாம் படகைத் திட்டினாள். சில நாள் தீப்பெட்டியை மிதித்து நசுக்கி அழுதாள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். பி.எட்.டில் நான் படித்த குழந்தை உளவியல் பரீட்சையோடு காணாமல் போயிருந்தது. அந்தத் தரையில்தான் திரும்பக் கிடைத்தது. அக்கா கருவாடு காயப்போடும் இடத்தில் ஷைனி பெரிசு, சிறுசு பிரித்து எண்ணப் பழகினாள். துறைமுகத்தில் படகுகளின் பெயரைப் பார்த்து எழுத்து கற்றாள். "சித்தி, இது என் ஷை!" என்று அவள் கத்தினால் ஐஸ் உடைக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு அவளை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த, டிசி வாங்கப் போனோம். அட்மிஷனுக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "என்ன, வாய் தொறந்துருச்சா?" என்றார்.

ஷைனி ஒரு மூச்சில் சொன்னாள். "எங்கப்பா ஜெயில்ல இருக்காரு. திருடல. மீன் பிடிச்சாரு. ஒங்க மிஸ் என்னையப் பெஞ்ச்ல ஏத்திக் கை தட்டச் சொன்னாக. அது கெட்ட பழக்கம்."

அங்கே இருந்த ஒரு தாய், "நெசமாவா மேடம்?" என்று எழுந்துவிட்டார். அந்த அம்மா டிசியில் குத்த முத்திரையைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். என் கோபத்தை அவர் தாங்குவார். நீங்களும் அவரிடம் ஒளிக்காதீர்கள், உங்கள் பிள்ளைகளிடமும் ஒளிக்காதீர்கள். மச்சான் இன்னும் வரவில்லை. வாய்தா தள்ளிப் போகிறது. அவருக்காக இப்போது எல்லோரும் வாய்விட்டே ஜெபிக்கிறோம். ஷைனிக்கும் முறை உண்டு. "அப்பாவக் கொசு கடிக்கக் கூடாது. ஆமென்."

மச்சானோடு பிடிபட்ட படகு டிரைவர் அண்ணனின் மகன் இன்னும் அதே எல்கேஜியில்தான் இருக்கிறான். இப்போது அவனும் மூலையில் போய் உட்கார்கிறானாம். அவனுக்கும் தங்கல் கதைதான். அவன் அம்மாவிடம் பேசினேன்.

"சொல்ல எனக்குத் தைரியம் இல்ல பாப்பா."

"நீங்க அவனுக்குப் பக்கத்துல உக்காருங்க போதும் மதினி. நான் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போகிறேன். அவனுக்காக ஜெபம் பண்ணுங்கள். அவன் வாய் திறக்கட்டும். அடுத்த டிசி அவனுக்குத்தான்.