சினை நண்டும் எங்கள் மனேஜரும்

நடந்ததை மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. நானும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அரியாலைக் கடல்நீரேரியில் பிடிபடும் நண்டை வாங்கி, அவித்து, சதையைப் பிரித்து, ரின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. சுற்றுச்சூழல் அலுவலர் என்று என்னை அங்கே சேர்த்திருந்தார்கள். முட்டையோடு வரும் சினை நண்டை வாங்கக்கூடாது, பிடித்தவர்களே அதைத் திரும்பக் கடலில் விடவேண்டும் என்பதுதான் என் முதல் அறிக்கையின் சாரம். இயற்கை, வருங்காலச் சந்ததி என்றெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் மனேஜர் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

"பிள்ளை, உந்தப் பிரசங்கத்தைக் கோயில்ல போய் வையும். இஞ்ச யாவாரம் நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இரும், உமக்கு யாவாரத்தாலேயே காட்டுறன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நண்டு உடைக்கும் மேசையருகில் நின்ற ஓர் அக்கா, நான் கேட்காமலே வழி சொன்னாள். "தங்கச்சி, முந்தியெண்டால் இந்தக் கிண்ணம் கெதியா நிரம்பும். இப்ப எவ்வளவு உடைச்சாலும் சதை காணாது. எல்லாம் குஞ்சு நண்டு."

அட, யாவாரம் இதுதானே! இரண்டாவது அறிக்கையில் சந்ததி பற்றி ஒரு சொல் இல்லை. நண்டு சிறுக்கிறது, ஒரு ரின்னை நிரப்பக் கூடுதல் நண்டும் கூடுதல் நேரமும் போகின்றன, இன்றைக்குச் சினை நண்டை வாங்கினால் வருகிற பருவங்களில் மேசைகள் சும்மா கிடக்கும், சொன்ன அளவுக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் போகும். அவ்வளவுதான் எழுதினேன். மனேஜருக்குக் காட்டவில்லை.

எங்கள் நண்டை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. நாள் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை என்று போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் மீன், நண்டு, இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கமாட்டார்கள். சந்தையில் விலைப்படாத நண்டெல்லாம், சினை நண்டும் சேர்த்து, எங்கள் வாசலில் வந்து குவியும். மனேஜரும் வெள்ளி விரதக்காரர். நெற்றி நிறையத் திருநீறோடு தன் அறைக்குள்ளேயே இருப்பார், நண்டுக் கூடத்தை எட்டியும் பார்க்கமாட்டார். அங்கே அன்றைக்கு என்ன குவிகிறது என்று அவர் ஒருநாளும் கண்டதில்லை. பெண்மணி வந்த வெள்ளியும் அறைக்குள் இருந்தபடியேதான் சொன்னார்.

"நீரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பிள்ளை. எனக்கு இண்டைக்கு உந்த மணம் ஒத்துவராது."

"ஓம் சேர்" என்றேன். அவ்வளவு பணிவாக நான் அதற்கு முன் அவரிடம் கதைத்ததில்லை.

அந்தப் பெண்மணி கூடைகளின் முன்னால் நின்றுவிட்டார். நண்டுகளின் வயிற்றில் முட்டை செம்மஞ்சளாகப் பிதுங்கியிருந்தது. இரண்டாவது அறிக்கையை நீட்டினேன். நின்றபடியே கடைசிப் பக்கம்வரை வாசித்தார். இது இன்னும் எத்தனை பருவத்துக்குத் தாங்கும் என்று மட்டும் கேட்டார். அதிக காலம் தாங்காது என்றேன். சினை நண்டு வாங்குவதை நிறுத்தாவிட்டால் தாங்கள் வாங்குவதையும் நிறுத்துவதாக அவருடைய நிறுவனம் எழுத்தில் அறிவித்தது.

அடுத்த கிழமை கொழும்புத் தலைமையகத்தோடு கணினித் திரையில் கூட்டம். சினை நண்டு வாங்குவது அன்றோடு நின்றது. அதற்கு அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு தலைமையகத்துப் பணிப்பாளர் மனேஜரிடம் கேட்டார்: தொழிலுக்கே இப்படியோர் ஆபத்து இருக்கிறதென்று உங்களிடம் யாருமே சொல்லவில்லையா?

மனேஜர் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் அறிக்கையில் நான் இதைத் தொழில் ஆபத்தாக எழுதவேயில்லை, அதனால் அவருக்கு விளங்க வாய்ப்பில்லை என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அது உண்மையும்கூட.

நான் வாயைத் திறக்கவில்லை.