கண்ணாடி காயும்வரை

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சமயம். வில்லியனூர் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில்தான் எங்கள் ஆய்வுக்கூடம். மாசி மாதம் ஒருநாள் மத்தியானம் அங்கே நடந்தது இது.

என் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களைத் தண்ணீரில் கலந்து, சின்னக் கண்ணாடித் துண்டின்மேல் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் மெல்லக் காயக் காய, துகள்கள் தாமாகவே வரிசைகட்டிப் படியும். தூசு விழக்கூடாது, அதற்காக மூடியும் வைக்க முடியாது, காயாது. அதுவரை செய்ததெல்லாம் சொதப்பல். அன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகப் படிந்துகொண்டு வந்தது. மறுநாள் சென்னையில் மைக்ரோஸ்கோப்பில் படமெடுக்க நேரம் வாங்கியிருந்தேன். அதை விட்டால் ஆராய்ச்சியை முடிப்பதே சந்தேகம்.

ஜன்னல் வழியே பார்க்கிறேன், பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டு முடிந்து சோகைக்கு, அதாவது கீழே கிடக்கும் காய்ந்த தோகைக்கு, நெருப்பு வைக்கத் தயாராகிறார்கள். காற்றோ நேராக எங்கள் பக்கம். எங்கள் ஜன்னல்கள் பேருக்குத்தான் மூடும்.

வெள்ளைக் கோட்டு, கையுறையோடு அப்படியே ஓடினேன். கொல்லைக்காரம்மா என்னை ஏதோ ஆபீஸர் என்று நினைத்துவிட்டார்.

"ஊரே கொளுத்துது, எங்கள மட்டும் இன்னாத்துக்குப் புடிக்க வர்றீங்க? இன்னிக்குக் கொளுத்துனாதான் நாளைக்குத் தண்ணி பாய்ச்ச முடியும்" என்று ஒரு பிடி பிடித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "புடிக்க வரலக்கா. உள்ள ஒண்ணு காயவெச்சிருக்கேன். சாம்பல் விழுந்தா எல்லாம் போச்சு" என்றேன்.

"வடகம் மாதிரியா?"

"அதே மாதிரிதான்க்கா."

அவ்வளவுதான். பந்தத்தோடு நின்ற கணவர் பக்கம் திரும்பினார். "யோவ், அணைய்யா அத. போன வருசம் என் வடகத்தையும் இப்படித்தான் கரியாக்குன. அந்தப் பொண்ணுதாவது காயட்டும். ஒருநாள் தள்ளிப் போனா கரும்பு ஒண்ணும் கோச்சிக்காது."

கணவர் முணுமுணுத்துக்கொண்டே பந்தத்தை மண்ணில் தேய்த்து அணைத்தார்.

சாயங்காலம் அந்த அக்காவே ஆய்வுக்கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, வெறும் கண்ணாடிதான இருக்குது?" வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். பச்சையும் நீலமும் ஓடின. சாயம் எதுவும் இல்லை, துகள்கள் நெருங்கி வரிசையாக நிற்பதால் வரும் நிறம் என்று விளக்கினேன். அதையெல்லாம் அவர் காதில் வாங்கவே இல்லை. "பொடவ எடுத்தா இந்தக் கலர்லதான் எடுக்கணும்" என்று சொல்லி, நான் சாய்க்கச் சாய்க்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் படம் அருமையாக வந்தது. சந்தோஷமாகத் திரும்பினால், விடுதி மாடியில் காயப்போட்டிருந்த என் துணி முழுக்கக் கரும்புச் சாம்பல். சிரித்துக்கொண்டே மறுபடி அலசிப் போட்டேன்.

இந்த ஆராய்ச்சி எதற்கு, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா மட்டும் கேட்கவில்லை. ஒருத்தி பாடுபட்டது வீணாகக்கூடாது என்பதே நெருப்பை நிறுத்த அவருக்குப் போதுமானதாக இருந்தது.