கூடையும் போத்தலும்

கரவெட்டியில் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறேன். வாங்குப் பலகையில் ஒரு கூடை தேசிக்காய், பக்கத்தில் ஆறு போத்தல் ஊறுகாய். ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது: றஞ்சினி. அவர்தான் உட்கார்ந்து, காயை நாலாகப் பிளந்து, உள்ளே உப்பு அடைத்து, சுளகில் வெயிலுக்கு வைக்கிறார். விரல் நுனிகள் உப்பில் வெடித்திருக்கின்றன.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நல்ல காயாகப் பொறுக்கிப் பையில் போட்டு, பையைக் கைப்பிடியில் கொழுவுகிறார். நான் ஒரு போத்தலை எடுத்ததும் குரலைத் தாழ்த்துகிறார்.

"தங்கச்சி, உந்த ஊறுகாயை வாங்காதேங்கோ. எங்கடை வீட்டிலை ஊறுகாய் இருக்கு, தாறன். இதே மரத்துக் காய்தான்."

"அப்ப இதுக்கு என்ன குறை?"

"உவையள் போட்டது. எங்கடை ஆக்கள் தொடுறேல்லை."

சாதி. நான் யாரென்று கேட்காமலே என்னையும் தன் ஆளாக்கிக்கொள்கிறார்.

"காயும் இவ பிடுங்கினதுதானே?"

"காயைக் கழுவலாம்," என்கிறார், நேரம் கேட்டவளுக்கு நேரம் சொல்வதுபோல.

நான் வாய் திறக்குமுன் றஞ்சினி அக்கா எழும்பி வருகிறார். உப்புக் கையாலேயே பையைக் கழற்றி, காய்களைத் திரும்பக் கூடைக்குள் கொட்டுகிறார்.

"இண்டைக்குக் காய் விக்கிறேல்லை ஐயா. போத்தல்தான் இருக்கு. வேணுமெண்டால் எடுங்கோ."