பச்சை பட்டன் கொடுத்த சுதந்திரம்

போன வாரம் எனக்கு சுதந்திரம் கிடைத்தது. கிடைத்த கையோடு தொலைத்தும்விட்டேன்!

பீர்க்கன்கரணையில் என் வீட்டு அடுப்படிதான் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காலனியே இடியாப்பமும் பாயாவும் கேட்கும். ஆர்டர் எல்லாம் ஒரு பெரிய கம்பெனி ஆப் வழியாக. அவர்கள் கண்டிஷன் – வேறு ஆப்பில் விற்கக் கூடாது. விற்றால் என் கடையை லிஸ்டில் அடியில் தள்ளிவிடுவார்கள். என் பாயா அடியிலா? மானப் பிரச்சினை!

வியாபாரிகளை இப்படிக் கட்டிப்போடாதே என்று அரசாங்கம் ஒரு அதட்டு அதட்டியது. எனக்கு ஒரே குஷி. பெருங்களத்தூரில் டெலிவரிக்காரர்களே சேர்ந்து தொடங்கிய குட்டி ஆப்பில் அன்றைக்கே பெயர் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடலாம்மா" என்றார்கள்.

பெரிய கம்பெனி சும்மா இருக்குமா? "அரசின் ஆணையை மதிக்கிறோம்" என்று போனில் ஒரு நீள இங்கிலீஷ் மெசேஜ். நான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பவள். பாதி தாண்டுவதற்குள் காபி ஆறிவிட்டது. கீழே பெரிதாய் ஒரு பச்சை பட்டன். பச்சை என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? அமுக்கினேன்.

"எங்களோடு மட்டும் இருக்கச் சம்மதித்ததற்கு நன்றி!" – திரை முழுக்கப் பூமாரி.

விலக வழி தேடினால், "நிச்சயமாகவா?" என்கிறது. அடுத்து ஒரு அழுகிற பொம்மை. அதற்கும் அடுத்து, "யோசித்து நாளை வாருங்கள்." விருந்துக்கு வந்த சம்பந்தியைக்கூட நான் இவ்வளவு தடுத்து நிறுத்தியதில்லை!

சனிக்கிழமை, கம்பெனிப் பெண் நிஷா ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றாள். "கங்கிராட்ஸ் ஆன்ட்டி! நீங்க இப்ப எங்க ஃபேமிலி!"

"ஃபேமிலின்னா வாசக்கதவை ஏன்டி பூட்டுறீங்க?"

"பூட்டலையே ஆன்ட்டி... சாவிதான் கொஞ்சம் உள்ள இருக்கு."

சிரித்துவிட்டேன். அவளும்தான். உட்கார வைத்து இடியாப்பம், பாயா வைத்தேன். இரண்டாவது தட்டில் அவளே என் போனை வாங்கினாள். எங்கெங்கோ தட்டி, அழுகிற பொம்மையைத் தாண்டி, எறும்பு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்த ஒரு வார்த்தையை அமுக்கினாள். விடுதலை!

மறுநாள் இரண்டு ஆப்பிலும் ஆர்டர் கொட்டியது. பிழிந்து பிழிந்து கை பேஜார்... மனசு மட்டும் ஜோர்.

பெரிய கம்பெனிகள் சட்டத்தை முறைப்பதில்லை. தலையாட்டும், சிரிக்கும், ஸ்வீட் கொடுக்கும் – பட்டனை மட்டும் இடம் மாற்றி வைக்கும். ஆணை போடுகிறவர்கள் அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்றும் எட்டிப் பார்த்தால் நல்லது.

சனிக்கிழமை கிளம்பும்போது அந்தப் பெண் கெஞ்சினாள்: "என் பேரை எங்கயும் எழுதிடாதீங்க ஆன்ட்டி!"

எழுதுவேனா? நிஷா என்பது நான் வைத்த பெயர். மூன்றாவது தட்டு கேட்டு வாங்கினாளே, அதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை!