கொக்கி அண்ணன் விரட்டிய பாம்புகள்

என் அக்காவுக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுக்கும் வேலை. வாசலுக்கு வெளியே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, அதற்குள் மீட்டர், மேலே இரும்பு மூடி. மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குப் பாம்பு என்றால் உயிரே போய்விடும். பிறகு ஏன் இந்த வேலைக்குப் போனாள் என்று கேட்காதீர்கள். கிடைத்த வேலை அதுதான்.

எட்டு வயதில் அவள் ஷூவுக்குள் காலை விட்டபோது உள்ளே ஒரு குட்டிப் பாம்பு நெளிந்தது. கடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெல்ட்டைக் கட்டிலில் போடக்கூடாது, ரப்பர் குழாயைச் சுருட்டி வைக்கக்கூடாது. டிவியில் பாம்பு வந்தால் சேனலை மாற்றமாட்டாள், பிளக்கையே பிடுங்கிவிடுவாள்.

அவளை வேலையில் நிலைக்க வைத்தவர் கொக்கி அண்ணன். மூடி தூக்கும் கொக்கி எப்போதும் கையில் இருப்பதால் ஆபீஸில் அந்தப் பெயர். இருவர் இருவராகத்தான் தெருவுக்கு அனுப்புவார்கள். ஒருவர் திறப்பார், மற்றவர் படிப்பார். வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வார்கள். இவர் மட்டும் பதினோரு வருடமாக அவளைக் கொக்கியைத் தொடவிட்டதில்லை.

"நீ அங்கயே நில்லும்மா" என்பார். குழிக்குள் இரண்டு தட்டு தட்டுவார். "ஒண்ணு கெடந்துச்சு, விரட்டிட்டேன். இப்ப வா."

அக்கா பயந்து பயந்து எட்டிப் பார்த்து, எண்ணை அவருக்கும் கேட்கப் படித்து எழுதுவாள். வீட்டுக்கு வந்ததும், "கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்பாள், கூடப் பிறந்த என் முகத்துக்கு நேராகவே.

போன வருடம் ஆபீஸ் அவள் தலையில் கல்லைப் போட்டது. மூன்று மாதம் கழித்து ஆளுக்கொரு தெரு, தனியாகத்தான் போக வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை இல்லை. அக்கா ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். அவர் முதலில் பாம்பு என்ற சொல்லை எழுத வைத்தார். பிறகு படம், பிறகு வீடியோ. ஒவ்வொன்றின் முன்னாலும் பயம் தானாக இறங்கும்வரை ஓடாமல் உட்கார வேண்டும். இத்தனை வருடம் ஓடி ஓடியே பயத்தை வளர்த்திருக்கிறாள் என்று விளக்கினார். ஒரு நாள் கேட்டார்: "உங்க கண்ணால எத்தன பாம்பு பாத்திருக்கீங்க?"

"ஒண்ணு. ஷூவுல இருந்தது."

"குழியில?"

"என் கண்ணுல படவே விடமாட்டாரு டாக்டர், எங்க அண்ணன்" என்றாள் பெருமையாக.

அந்த அண்ணனுக்கோ வைத்தியம் பிடிக்கவில்லை. "எதுக்கும்மா இந்த வம்பு? நீ பயப்படறேன்னு நான் ஆபீஸ்ல பேசறேன். நம்மள மட்டும் ஜோடியாவே அனுப்பச் சொல்லுவோம்" என்றார். அவள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளெல்லாம் அவர் விரட்டும் பாம்புகளின் எண்ணிக்கை கூடியது.

இரண்டாவது மாதம் ஒரு காலையில் அக்கா கொக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இன்னைக்கு நான் தெறக்கறேன் அண்ணே. நீங்க படிங்க." அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மூடியைத் தூக்கினாள்.

மீட்டரைச் சுற்றிப் பாம்பு கிடந்தது. நிஜப் பாம்பு. தலையை உயர்த்தியது. அக்கா கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் கொக்கி அண்ணன் மண்டியிட்டு முகத்தைக் குழிக்குள் இறக்கிவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு" என்றபடி மீட்டரைத் துடைக்கக் கையை நீட்டினார்.

அக்கா ஓடவில்லை. அவர் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். பாம்பு மேலேறி, அவள் செருப்பை உரசிக்கொண்டு வேலிக்குள் போனது. அது மறையும்வரை அவள் கண்ணை மூடாமல் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியலையா?"

அப்போதுதான் அவர் உண்மையைச் சொன்னார். அக்கா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போயிருந்தது. ஓரமாகத்தான் தெரியும். கண்ணாடி போட்டாலும் எண்ணைப் படிக்க முடியாது. ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"அப்ப நீங்க விரட்டினதெல்லாம்?"

"ஒண்ணுகூட இல்லம்மா. உன் பயம் போயிட்டா, நீ கொக்கிய வாங்கிடுவ. அப்பறம் என்னைப் படிக்கச் சொல்லுவ."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கண் போனது அவர் குற்றமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா ஆயுசுக்கும் படித்துச் சொல்லியிருப்பாள். அதைவிட்டு, பதினோரு வருடம் அவள் பயத்துக்குத் தினமும் தீனி போட்டிருக்கிறார், அண்ணன் என்று கூப்பிட வைத்துக்கொண்டே. "பாம்பு கால்ல உரசினப்பகூட எனக்கு இப்படி இல்லடி" என்றாள் அக்கா என்னிடம்.

அந்தத் தெருவில் மிச்சமிருந்த பத்தொன்பது மூடிகளையும் அவளே திறந்தாள், அவளே படித்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவர் பின்னால் நின்று, எதுவும் நடக்காதது போல, "எவ்வளவும்மா?" என்று கேட்டார். அவள் எண்ணை எழுதினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.